எல்லோருக்கும் 98.4

1

போன செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு, என் வார்டில் படுத்திருந்த பன்னிரண்டு ஆண்களுக்கும் உடல் வெப்பம் ஒன்றாக இருந்தது. முப்பத்தேழு டிகிரி. எலும்பும் தோலுமாகக் கிடக்கும் எழுபத்தெட்டு வயதுக்காரருக்கும் முப்பத்தேழு. அன்று காலைதான் குடல்வாலை அறுத்து எடுத்த லாரி ஓட்டுநருக்கும் முப்பத்தேழு. அப்போதுதான் ஆவி பறக்கத் தேநீர் குடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தவருக்கும் அதே முப்பத்தேழு.

இது இங்கிலாந்தின் வடக்கே, பஞ்சாலைகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருக்கும் ஓர் ஊர். நான் இங்கே ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டின் சிஸ்டர். அதாவது அந்த வார்டுக்குத் தலைவி. அதையும் சரியாகச் சொல்வதானால், தற்காலிகத் தலைவி. ஆறு மாதம் வைத்துப் பார்ப்பார்கள், ஒப்பினால் நிரந்தரம், ஒப்பாவிட்டால் பழைய இடம். ஐந்து மாதம் முடிந்துவிட்டது. இந்த ஐந்து மாதத்தில் என் வார்டிலிருந்து ஒரு விபத்துப் படிவம்கூட மேலே போனதில்லை. அதற்காக நர்சிங் அதிகாரி என்னை வராந்தாவில் நிறுத்திப் பாராட்டினார். நானும் மதுரைக்காரி பாராட்டை வாங்குகிற முறைப்படி, எனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாததுபோலத் தரையைப் பார்த்தேன்.

கட்டில்களில் தொங்கும் அந்த வெப்பநிலைச் சார்ட்டுகளை வேறு யார் புரட்டியிருந்தாலும், ஆரோக்கியமான வார்டு என்று மகிழ்ந்திருப்பார்கள். நான் ஒவ்வொரு சார்ட்டிலும் எழுத்தைப் பார்த்தேன். முப்பத்தேழு என்பது நம் ஊர்க் கணக்கில் ஏறக்குறைய 98.4. ஒருவரையும் தொட்டுப் பார்க்காமல் பன்னிரண்டு பேருக்கு ஒரே மூச்சில் எண் எழுதினால் அந்த எண்கள் எப்படிச் சாய்ந்திருக்கும், மை எப்படி ஒரே சீராக இறங்கியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். எழுதிப் பழகிய கை இது.

2

எழுபதுகளின் தொடக்கத்தில், மதுரையில் பெயர் சொல்ல வேண்டாத ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்தேன். கோச்சடையிலிருந்து டவுன் பஸ்ஸில், வெள்ளைச் சேலை கசங்காமல் இருக்க நின்றுகொண்டே போவேன். வார்டில் நாற்பது கட்டில், அறுபது நோயாளிகள். மிச்சம் இருபது பேர் கட்டில்களுக்கு நடுவே பாய் விரித்திருப்பார்கள். அவர்களைப் பார்க்க வந்தவர்கள் கட்டிலுக்கு அடியில்.

அத்தனை பேருக்கும் நல்ல நிலையில் ஒரே ஒரு தெர்மாமீட்டர். அது ஹெட் சிஸ்டர் ஞானம்மாளின் அலமாரியில், பூட்டுக்குள் இருக்கும். சாவி அவர் இடுப்பில். தெர்மாமீட்டர் உடைந்தால் மேலிருந்து மெமோ வரும் என்பதால் அவருக்கு அதன் மேல் ஒரு தாய்ப் பாசம்.

கேட்டால் கொடுப்பார். கேட்பதில்தான் சிக்கல்.

"எதுக்கு?"

"காய்ச்சல் பாக்கணும் சிஸ்டர்."

"யாருக்குக் காய்ச்சல்? நேத்து நல்லாத்தான இருந்தான்? தையல் போட்ட எடத்துல ஈரம் பட்டுச்சா? கட்டு மாத்துனது யாரு, நீயா? நீ என்னத்தப் பாத்துக்கிட்டு இருந்த?"

ஆக, தெர்மாமீட்டரைக் கேட்பதே குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல. நானும் என்னோடு வேலை பார்த்தவர்களும் அவருக்குத் தொல்லை தராத ஒரு வழியைக் கண்டுபிடித்திருந்தோம். புதிதாக வருகிற நர்சுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுவோம். சாயங்காலம் நான்கு மணிக்குச் சார்ட்டுகளை மொத்தமாக மேசையில் அடுக்கி, மேலிருந்து கீழாக 98.4, 98.4, 98.4. முகத்தைப் பார்த்தாலே சந்தேகம் வருகிற இரண்டு பேருக்கு மட்டும், பார்ப்பதற்கு இயல்பாக இருக்கட்டும் என்று, 99. ஐந்து மணிக்கு ஞானம்மாள் சிஸ்டர் சுற்றி வருவார். சார்ட் காலியாக இருந்தால்தான் அவர் குரல் உயரும். நிரம்பியிருந்தால் தலையசைத்துவிட்டு அடுத்த கட்டில்.

வெளியூர் டாக்டர்கள் வந்து பார்த்துவிட்டு, "வார்டு ரொம்ப ஒழுங்கா இருக்கு" என்பார்கள். உண்மையில் அது மிக ஒழுங்கான வார்டு. ஒருவருக்கும் காய்ச்சல் வராத வார்டு.

3

இங்கே நிரந்தரமாக வேண்டுமானால் தலைமைப் பயிற்சி என்று ஒன்றை முடித்தாக வேண்டும். தலைமை என்றதும், எப்படி அதட்டுவது, எப்படி விரைப்பாக நடப்பது என்று சொல்லித்தருவார்கள் என நினைத்துப் போனேன். ஒரு நோட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள். வாரம் ஒருமுறை, வேலையில் நடந்த ஒன்றை எழுத வேண்டும். என்ன நடந்தது, அப்போது உன் மனதில் என்ன ஓடியது, இனி நடந்தால் என்ன செய்வாய். தன்னைத் தானே திரும்பிப் பார்க்கத் தெரியாதவர் பிறரை நடத்திச் செல்ல முடியாது என்பது அவர்கள் கட்சி.

பயிற்சி தருகிறவர் மிஸ் ஹோல்ட். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். காலில் விளையாட்டு வீரர்கள் போடும் ஷூ.

மதுரையில் நான் என்னைப் பற்றி எழுதியதெல்லாம் ஒரே வகைதான்: மெமோவுக்கு விளக்கக் கடிதம். நர்ஸ் விடுதியில் அதற்கு ஒரு மாதிரிக் கடிதம் கைக்குக் கை மாறி, மடிப்புகளில் கிழிந்துபோய் இருந்தது. கவனக்குறைவால் நேர்ந்துவிட்டது என்றும், இனி இவ்வாறு நேராது என்றும், இம்முறை மன்னித்தருளுமாறும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்வதாக அது சொல்லும். என்ன நேர்ந்தது என்று மட்டும் சொல்லாது. அதுதான் அதன் சிறப்பு. கத்தரிக்கோல் காணாமல் போனாலும், நோயாளியே காணாமல் போனாலும், அந்த ஒரு கடிதம் போதும்.

முதல் வாரம் மிஸ் ஹோல்டுக்கும் அதையே ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். சர்க்கரை நோயாளி ஒருவருக்குச் சர்க்கரை போட்ட தேநீர் போய்விட்ட விவகாரம். யாருக்கும் ஒன்றும் ஆகாத, பத்திரமான தவறாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தேன்.

"நான்கு இடத்தில் மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள்" என்றார் மிஸ் ஹோல்ட். "என்ன நடந்தது என்று ஓரிடத்திலும் இல்லை. யாரிடம் மன்னிப்புக் கேட்கிறீர்கள்?"

"உங்களிடம்தான்."

"என்னிடமா? அந்தத் தேநீரை நான் குடிக்கவில்லையே."

இந்த ஊருக்கு வந்த முதல் வாரம், ஒரு கிழவரிடம் நம் ஊர் வழக்கப்படி "மோஷன் போச்சா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் தொழிற்சங்கத் தலைவராக இருந்தவர், அவருக்கு 'மோஷன்' என்றால் கூட்டத் தீர்மானம். எந்தத் தீர்மானம், யார் முன்மொழிந்தது என்று அக்கறையோடு விசாரித்தார். அன்று முழித்த அதே முழியை மிஸ் ஹோல்டிடமும் முழித்தேன். அவர் நோட்டைத் திருப்பித் தந்தார். "இன்னும் ஒருவரிடமும் சொல்லாத ஒன்று இருக்கும் அல்லவா? அதை எழுதுங்கள். அவசரமில்லை."

இருக்கிறது. அதை எழுதாமல் மற்றதையெல்லாம் எழுதியே ஐந்து மாதத்தை ஓட்டினேன்.

4

அவர் பெயர் செல்லையா. சமயநல்லூர்ப் பக்கம் இரண்டு குறுக்கம் நிலத்தில் வெள்ளாமை பார்த்தவர். நாற்பது வயதிருக்கும். குடலிறக்கத்துக்கு அறுவை செய்து மூன்றாம் நாள். சித்திரை மாதம். வார்டின் தகரக் கூரை நண்பகலிலிருந்து கொதித்துக்கொண்டிருந்தது. நான்கு மணிக்குச் சார்ட்டுகளை அடுக்கி எழுதிக்கொண்டிருந்தேன். அவர் மனைவி பேச்சியம்மாள் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"சிஸ்டரம்மா, இவுகளுக்கு மேலு சுடுதும்மா. என்னென்னமோ பேசுறாக. வாய்க்காலுக்குத் தண்ணி வந்துருச்சாங்கிறாக."

"வெளிய எம்புட்டு வெயிலு அடிக்குது பாத்தீகளா? எல்லாருக்கும் சுடத்தான் செய்யும். ஈரத்துணி போடுங்க."

"இல்லம்மா, வெயிலு சூடு எனக்குத் தெரியாதா? இது உள்ள இருந்து வருது. ஒரு எட்டு வந்து தொட்டுத்தான் பாருங்களேன்."

"வாரேன், போங்க."

போகவில்லை. தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் ஞானம்மாள் சிஸ்டரிடம் போய் நின்று சாவி கேட்க வேண்டும். முந்தின நாள் செல்லையாவுக்குக் கட்டு மாற்றியது நான். பேச்சியம்மாள் ஈரத்துணிக்குத் தண்ணீர் தேடிப் போனதும், செல்லையாவின் சார்ட்டை எடுத்தேன். 98.4.

மறுநாள் காலை வேலைக்கு வந்தபோது அவர் கட்டிலைச் சுற்றி டாக்டர்கள் நின்றார்கள். கட்டில் கால்கள் தரையில் அடித்துக்கொள்ளும் அளவுக்கு நடுக்கம். தெர்மாமீட்டர் தானாகவே அலமாரியை விட்டு வெளியே வந்திருந்தது. நூற்று நான்கு. பெரிய டாக்டர் சார்ட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"நேத்து சாயங்காலம் வரைக்கும் நார்மல். திடீர்னு ஏறியிருக்கு, கூடவே குளிர். புண்ணுல சீழ் வச்சிருந்தா முன்னாடியே கொஞ்சம் கொஞ்சமா காட்டியிருக்கும். இது மலேரியா."

நான் அவருக்கு இரண்டடி தள்ளி, டிரேயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 'டாக்டர், அந்த எண் நான் எழுதியது, அளந்தது இல்லை.' சொல்ல வேண்டியது அவ்வளவுதான். சொல்லவில்லை. டிரேயில் இருந்த கிண்ணம் மட்டும் என் கைநடுக்கத்தில் கிணுகிணுவென்று சத்தம் போட்டது. "எதுக்கும்மா அத ஆட்டுற?" என்றார் ஞானம்மாள் சிஸ்டர்.

மலேரியா மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் கட்டைப் பிரித்தபோது வார்டின் அந்த மூலையில் யாரும் நிற்க முடியவில்லை. அன்று மதியமே உறவுக்காரர்கள் வாடகைக் கார் ஒன்றோடு வந்து, வீட்டுக்குக் கொண்டுபோகிறோம் என்று கைரேகை வைத்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் அப்படிக் கொண்டுபோவதற்கு என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். காரில் ஏறும் முன் பேச்சியம்மாள் திரும்பி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நீ நல்லாருக்கணும் தாயி. நீயிதான் அவுகள நல்லாப் பாத்துக்கிட்ட."

அவர் என்னைத் திட்டியிருந்தால் இத்தனை வருடத்தில் மறந்திருப்பேன்.

செல்லையா பிழைத்தாரா என்று எனக்குத் தெரியாது. பிழைத்தும் இருக்கலாம், சிலர் பிழைத்திருக்கிறார்கள். இந்த ஊருக்குக் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னால், கேட்டுத் தெரிந்துகொள்வது என்று முடிவெடுத்துச் சமயநல்லூருக்குப் பஸ் ஏறினேன். இறங்கியும் விட்டேன். சாலைக்கு அந்தப் பக்கம் காய்கறிக் கடையில் ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அதே உயரம், அதே கொண்டை. அவள் திரும்பினால் நெற்றி தெரிந்துவிடும், நெற்றியைப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். அவள் திரும்புவதற்குள் எதிரே வந்த மதுரை பஸ்ஸில் ஏறிவிட்டேன். ஜன்னல் பக்கம் உட்காரக்கூட இல்லை.

5

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். பன்னிரண்டு பேருக்கும் நானே தெர்மாமீட்டர் வைத்தேன். இந்த ஊரில் ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒன்று மாட்டியிருக்கிறது, பூட்டு கிடையாது, கேட்க வேண்டியதும் கிடையாது. ஒருவருக்கு 36.4, ஒருவருக்கு 37.3. நல்லவேளை, ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. எனக்குத்தான் வியர்த்திருந்தது.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எண்களை மட்டும் திருத்திவிட்டு இதை இப்படியே விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆறாம் மாதம் முடிய நான்கு வாரம். படிவம் இல்லாத வார்டு என்ற பெயர் வேறு. திருத்துவதற்குப் பேனாவை எடுத்தபோது என் கையைப் பார்த்தேன். டிரேயைப் பிடித்திருந்த கை. பேனாவை மூடிவிட்டு, சார்ட் எழுதிய மோரினைக் கூப்பிட்டு அனுப்பினேன்.

மோரின் அயர்லாந்துக்காரி, இருபத்து நான்கு வயது. வேலையில் சுணக்கம் கிடையாது. அறைக்குள் வந்ததும் மேசையில் விரித்திருந்த சார்ட்டுகளைப் பார்த்தாள்.

"ஏன்?" என்றேன்.

"நான்கு மணிக்குள் முடியவில்லை, சிஸ்டர். இரண்டு பேர் வேலைக்கு வரவில்லை."

"நாலரைக்கு முடித்தால் நான் என்ன, உன்னைக் கடித்துத் தின்றுவிடுவேனா?"

துணிந்து சொல்லிவிட்டாள்.

"போன மாதம் ஒருநாள் நான்கு மணி ஐந்து நிமிடத்துக்கு முடித்தேன். நீங்கள் கடிகாரத்தைப் பார்த்தீர்கள்."

"ஏதாவது சொன்னேனா?"

"ஒன்றும் சொல்லவில்லை. பார்த்தீர்கள். அன்றிலிருந்து எல்லோரும் நான்கு மணிக்குள் எழுதிவிடுவது என்று வைத்துக்கொண்டோம்."

எல்லோரும். நான் ஞானம்மாள் சிஸ்டரைப் போலக் கத்துவதில்லை என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. நான் கத்தாமலே அதைச் சாதித்திருக்கிறேன். இடுப்பில் சாவி இல்லாமலே பூட்டியிருக்கிறேன்.

அவளை உட்காரச் சொல்லி, சித்திரை மாதத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். தகரக் கூரை, 98.4, மலேரியா, கத்தரிக்காய்க் கடை. சொல்லச் சொல்ல, ஒரு ஸ்டாஃப் நர்சிடம் என் கழுத்துக்குக் கயிறு திரித்துக் கொடுக்கிறேன் என்பது எனக்கே தெரிந்தது. இவள் நாளை மேலே போய்ச் சொன்னால் தீர்ந்தது என் தலைமை.

"அவர் பிழைத்தாரா?" என்றாள்.

"தெரியாது. தெரிந்துகொள்ளப் பயந்துவிட்டேன்."

மோரின் வேகமாகப் பேசினாள்.

"சிஸ்டர், இன்னொன்றும் இருக்கிறது. மிஸ்டர் கிரீவ்ஸ், ஜன்னல் பக்கம். மதியம் சாப்பாட்டுக்கு முன் கட்டிலிலிருந்து இறங்கும்போது விழுந்தார். கட்டில் கம்பியில் தலை பட்டது. எழுந்து சிரித்தார், சாப்பிட்டார். நானும் எழுதவில்லை."

நாற்காலியை எப்போது தள்ளினேன் என்று தெரியாது. கிரீவ்ஸ் பழைய பஸ் நடத்துநர், விழித்திருக்கிற நேரமெல்லாம் பேசிக்கொண்டே இருப்பவர். சற்றுமுன் அவர் வாயில் தெர்மாமீட்டரை வைக்கும் முன்னும் எடுத்த பின்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போது அது எனக்கு வசதியாக இருந்தது, அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். இப்போது தோளைப் பிடித்து உலுக்கினேன். முனகினார், கண் திறக்கவில்லை. இமையை விலக்கி வெளிச்சம் அடித்தால் ஒரு கண்ணின் பாப்பா பெரிதாக இருந்தது, தலைக்குள் ரத்தம் கசிகிறது என்று பொருள்.

அதன் பிறகு நடந்தது எல்லாம் ஓட்டம்தான். டாக்டர், ஆம்புலன்ஸ், பக்கத்து நகரத்தில் தலைக்கு அறுவை. மோரின் கூடவே போனாள். அவர்களை அனுப்பிவிட்டு அவர் கட்டிலிலேயே நான் உட்கார்ந்துவிட்டேன். என் வார்டில் யாரும் செய்யக் கூடாத காரியம் அது.

கிரீவ்ஸ் பிழைத்துக்கொண்டார். இதை என்னால் எழுத முடிகிறது.

6

அன்று இரவு வீட்டில், சாப்பாட்டு மேசையில் விபத்துப் படிவத்தை விரித்தேன். "காரணம்" என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் எழுதினேன்: 'செவிலி, வார்டு சிஸ்டரிடம் சொல்லப் பயந்தார். அந்த வார்டு சிஸ்டர் நான்.' பிறகு மிஸ் ஹோல்டின் நோட்டில் செல்லையாவைப் பற்றி ஆறு பக்கம்.

என் வீட்டுக்காரர் அவனியாபுரத்தில் பட்டறை வைத்திருந்தவர். இங்கே பஸ் தொழிற்சாலையில் வேலை. தோள் வழியாக எட்டிப் பார்த்தார்.

"ஏய், இந்தாரு. சொந்தக் கையால எழுதிக் குடுக்கப் போறியா? ஊர்ல போலீசு வச்சு அடிச்சாக்கூட ஒரு பய இம்புட்டு எழுத மாட்டான்."

"பாதிய மறைச்சு எழுதச் சொல்றீகளா?"

"எழுதாதங்கிறேன். இவய்ங்க நல்லாச் சிரிச்சுப் பேசுவாய்ங்க, சிரிச்சுக்கிட்டே சீட்டக் கிழிச்சுருவாய்ங்க. அங்க உங்க அண்ணே ஊரெல்லாம் என் தங்கச்சி சீமையில பெரிய சிஸ்டருன்னு சொல்லிக்கிட்டுத் திரியுறாரு. நாளைக்கு என்னன்னு சொல்லுவாரு?"

அவர் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. எனக்கும் அதே பயம்தான், அவர் உரக்கச் சொன்னார்.

அதைவிடப் பெரிய பயம் மாடியில் இருந்தது. நான் வெளியே அனுப்பும் எந்த ஆங்கிலமும் என் மகள் கயல்விழி சிவப்புப் பென்சிலால் திருத்திய பிறகுதான் போகும். அவளுக்குப் பதினான்கு வயது, பள்ளியில் பெயர் 'கே'. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். என் ஆங்கிலத்தைத் திருத்தும் அந்த அரைமணி நேரம்தான் வாரத்தில் அவள் எனக்குப் பக்கத்தில் உட்காரும் நேரம். அவளிடம் நோட்டைக் கொடுத்துவிட்டு, கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன்.

மாடிப்படியில் உட்கார்ந்து படித்தாள். ஒரு பக்கம் திருப்ப அவளுக்கு இவ்வளவு நேரம் ஆனதில்லை. பிறகு சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"இது நிஜமா?" ஆங்கிலத்தில்.

"ஆமா."

"அந்தத் தெர்மாமீட்டரை நீ கேட்டிருக்கலாமே."

இத்தனை வருடமாக நான் எனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானங்களில் ஒன்றுகூட அந்த ஒரு வாக்கியத்துக்கு முன்னால் நிற்கவில்லை. "கேட்டிருக்கலாம்" என்றேன். அவள் நோட்டை மேசையில் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். திறந்து பார்த்தேன். ஆறு பக்கத்திலும் சிவப்புக் கோடு ஒன்றுகூட இல்லை. பதினோரு பிழைகள் இருந்தன என்று பிறகு மிஸ் ஹோல்ட் சொன்னார்.

7

வருகிற வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நர்சிங் அதிகாரியின் அறைக்கு வரும்படி கடிதம் வந்திருக்கிறது. இரண்டே வரி, எந்தப் பக்கம் சாய்த்துப் படித்தாலும் பொருள் பிடிபடவில்லை. மிஸ் ஹோல்டைக் கேட்டேன். பொய்யாக ஆறுதல் சொல்லத் தெரியாத பெண். "எனக்கும் தெரியவில்லை" என்றார். மோரினுக்கும் தனியாக ஒரு கடிதம். அவளோடு நானும் வருவேன், சார்ட்டுக் கதையை நானே தொடங்குவேன் என்று சொல்லியிருக்கிறேன். வீட்டுக்காரர் என் நல்ல சேலையைத் தேய்த்து வைத்துவிட்டு, என்னோடு பேசாமல் இருக்கிறார். மகள் நேற்று மட்டும் கீழே வந்து, அந்த ஊருக்கு மதுரையிலிருந்து பஸ்ஸில் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டாள். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை.

வார்டில் சத்தம் கூடியிருக்கிறது. மூன்று நர்சுகள் தாங்களாகவே என் அறைக்கு வந்துவிட்டார்கள். ஒருத்தி, மாத்திரையை அடுத்த கட்டிலுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். ஒருத்தி, ஒரு நோயாளி சிறுநீர் கழித்த அளவை இரண்டு நாளாகக் குத்துமதிப்பாக எழுதியதாகச் சொன்னாள். மூன்றாவது ஆள் ஒன்றும் சொல்லாமல் அழுதுவிட்டுப் போனாள், அவள் இன்னொரு முறை வருவாள். ஐந்து மாதம் நான் அமைதி என்று நினைத்துக்கொண்டிருந்ததற்குள் இத்தனையும் இருந்திருக்கிறது. இன்னும் எத்தனை இருக்கின்றனவோ. தலைமை என்பது மற்றவர்களை நடுங்கவைப்பது என்று நினைத்து வந்தவள், இப்போது எல்லோருடைய நடுக்கத்தையும் நானே வாங்கி வைத்துக்கொள்கிறேன்.

இன்று மதியம் மறுபடி கதவு தட்டும் சத்தம். கண்ணாடியில் நிழல் தெரிந்தது. தட்டிய கை கீழே இறங்காமல், ஓடிவிடலாமா என்பதுபோல அப்படியே நின்றது. வெளியே இருப்பவள் திரும்பிப் போய்விட்டால் நன்றாக இருக்குமே என்று ஒரு கணம் நினைத்தேன்.

"உள்ளே வா" என்றேன்.